மூன்று ஊமைப் படங்களில் நடித்த அக்கா

போன வாரம் நம் பழைய தோட்டத்து ஆட்களின் கைப்பேசிக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "நம்ப தோட்டத்துல சின்னப் புள்ளையா ஒரு சினிமாக்காரி இருந்தாளே, யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா லா?" பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. அவள் துரையின் மகள் என்றார் ஒருவர். மெட்ராசுக்குப் போய்ப் பெரிய நடிகையாகிவிட்டாள் என்றார் இன்னொருவர். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று அடித்துச் சொன்னார் மூன்றாமவர். தினமும் விடியற்காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்தான் அவர். அவர் சொல்வதை எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்கவேண்டும்.

அவள் இருந்தாள். அவள் என் அக்கா. உங்களில் பாதிப் பேர் அவளோடு ஓடி விளையாடியவர்கள். மீதிப் பேர் அவளைத் திரையில் பார்த்தவர்கள். எழுபதைத் தாண்டிய நமக்கு நேற்றுக் குடித்த கஞ்சி மறந்துபோகிறது, அதனால் உங்கள் மேல் குறை இல்லை. ஆனால் குழுவில் இரண்டு வரி தட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. லுக்குட்டில் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எல்லாரும் வேலைக்குப் போனபிறகு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோலா சாவாவிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே வரும் படம் காட்டும் வேனை நீங்கள் மறந்திருக்க முடியாது. மாதம் ஒருமுறை வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். நாம் மத்தியானமே சாக்குப் பையை விரித்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது கல் அங்கேயே இருக்கும், சாக்குப் பைதான் இடம் மாறியிருக்கும். யார் வேலை என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த வேனோடு ஒரு கேமராவும் வந்தது. தோட்டத்து ஆட்களுக்குச் சுகாதாரம் சொல்லித்தரத் தோட்டத்திலேயே, தோட்டத்து ஆட்களை வைத்தே படம் எடுக்கப் போகிறார்கள் என்றார்கள். ஒரு பெண்பிள்ளை வேண்டியிருந்தது. டிரஸ்ஸர் எங்களை ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்கவைத்தார். டாக்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் தோட்டத்தில் டிரஸ்ஸர்தான் டாக்டர். காய்ச்சலுக்கு அவர், பிரசவத்துக்கு அவர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அவர். வெள்ளைக் கால்சட்டை, தொண்டையை அடைக்கும் மருந்து வாசனை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல்.

கேமராக்காரர் கோலாலம்பூரிலிருந்து வந்த சீனர். எங்களோடு மலாயில்தான் பேசினார். "ஜாங்கான் தெங்கோ சினி" என்றார், இங்கே பார்க்காதே என்று அர்த்தம். பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? ஒவ்வொருத்தியும் நடந்து போய்க் கேமராவுக்கு நேராக வந்ததும் பல்லைக் காட்டினோம். நான் கை வேறு ஆட்டினேன். அக்கா மட்டும் கேமரா என்று ஒன்று இல்லாததுபோல் நடந்தாள். காலில் ஏதோ குத்தியதுபோல் நின்றாள், குனிந்து பார்த்தாள், மறுபடி நடந்தாள். ஒன்றும் குத்தவில்லை. அவளாக நினைத்துக்கொண்டு செய்தது. கேமராக்காரர் டிரஸ்ஸரைப் பார்த்துத் தலையாட்டினார். பதினொரு வயதுகூட ஆகாத அக்காவின் சினிமா வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

முதல் படம் கொக்கிப்புழு பற்றியது. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்குக் கால்வழியாகப் புழு ஏறி, சோர்ந்து, மண்ணைத் தின்று, பிறகு மருந்து சாப்பிட்டுத் தேறிவிடும். கடைசியில் அந்தப் பிள்ளை புதுச் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்கும். நீல வார் போட்ட வெள்ளைச் சிலிப்பர். எடுத்து முடித்ததும் கேமராக்காரரின் ஆள் அந்தச் சிலிப்பரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தோட்டத்தில் இன்னொரு காட்சி எடுக்க வேண்டுமாம். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று உலகத்துக்குச் சொன்ன என் அக்கா வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இரண்டாவது கொசுவலைப் படம். அதில் நானும் நடித்திருக்கிறேன், என் இடது கால் மட்டும். வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் என்னுடையது. அதைத்தான் கொசு கடிக்கும். வலைக்குள் ஒழுங்காகத் தூங்குகிற நல்ல பிள்ளை அக்கா. அவள் நடிக்கவேயில்லை, அந்த விளக்கு வெளிச்சத்திலும் நிஜமாகவே தூங்கிவிட்டாள். காலை நாலு மணிக்கு எழுந்து அம்மாவுக்கு மங்கு கழுவிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? "பாகுஸ், பாகுஸ்" என்று கேமராக்காரர் பாராட்டினார். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளை அவள் கழுவியது எந்தப் படத்திலும் வரவில்லை.

இந்தப் படங்களுக்குக் குரல் கிடையாது. மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்கும் சீனர் ஊருக்கும் நம் தோட்டத்துக்கும் ஒரே படம்தான். பேச்சை அந்தந்த இடத்து ஆள் மைக்கில் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் இடத்தில் டிரஸ்ஸர். திரையில் அக்கா வாயைத் திறப்பாள், டிரஸ்ஸரின் கிணற்றுக் குரல் வெளியே வரும்: "அம்மா, எனக்குத் தலை சுற்றுகிறதே!" களமே உருண்டு சிரிக்கும். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் அப்படிச் சொல்லவேயில்லடி" என்று என் காதில் கடிப்பாள். உண்மைதான். வாயை அசைத்தால் போதும் என்று சொல்லியிருந்ததால், அவள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லியிருந்தாள். முகத்தில் அத்தனை வேதனையோடு ஏழு மூணு இருபத்தொண்ணு. எனக்கு மட்டும் அது தெரியும். நாங்கள் இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். அது காசநோய்ப் படம். நம் ஆட்கள் அந்தப் பேரைச் சொல்லக்கூட மாட்டார்கள், 'அந்தச் சீக்கு' என்பார்கள். இருமும் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைக்கிறார்கள், அது ரத்தம் துப்புகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், ஊசி போட்டுப் பிழைக்கிறது. இதுதான் கதை. டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு இருமக் கற்றுக்கொடுத்தார். நெஞ்சில் கை வை, தோளைக் குறுக்கு, இருமி முடித்ததும் மூச்சை இழு. இரண்டே நாளில் அவரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அடுத்த வீட்டில் இருந்த, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் பெண்டாட்டி தண்ணீர்க் குவளையோடு ஓடிவந்து ஏமாந்து போனாள்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வராத நோய ஏன்டி வா வான்னு கூப்புட்ற?" என்பாள். படத்தில் தாயாக அம்மாவையே நடிக்கச் சொன்னார்கள். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளைக் கொட்டகை ஆயாதான் தாயாக நடித்தாள். படம் பிடித்த மூன்று நாளும் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். ரத்தத்துக்குக் கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பைவிடக் கறுப்புதான் ரத்தம்போல் தெரியுமாம். அக்கா துண்டில் துப்பிவிட்டு உதட்டை நக்கி, "உப்பு தூக்கல்" என்றாள். கேமராவைப் பிடித்திருந்த சீனரும் சிரித்துவிட்டதால் அந்தக் காட்சியை இரண்டாம் முறை எடுக்கவேண்டியிருந்தது.

அந்தப் படம்தான் அவளைப் பெயர்பெற்றவளாக்கியது. வேன் போன தோட்டமெல்லாம் அவளைத் தெரிந்துகொண்டது. பகாவில் மாமா மகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து நின்று, "இது அந்த இருமுற புள்ளைல்ல?" என்றார். அவ்வளவுதான், பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டுக் கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. ஒருமுறை இருமிக் காட்டு, ஒருமுறை இருமிக் காட்டு. அவளும் காட்டினாள். கை தட்டினார்கள். ஒரு அத்தை அவள் பாவாடை மடியில் லட்டை அள்ளிப் போட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். வெளிக்காட்டில் பால் வெட்டிப் பால் வெட்டி, யாரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத மனிதர். அன்றைக்கு 'இருமுற புள்ளையோட அப்பா' என்று நாலு பேர் கைகொடுத்தார்கள். அவர் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கைதட்டல் வாங்கிய பிள்ளைக்கு அந்த இருமல் வேலைக்கு ஆகும் கருவி என்றும் தெரிந்துபோனது. ஒருநாள் பள்ளியில் வாத்தியார் கணக்கு நோட்டைக் கேட்டார். அக்கா வீட்டுக்கணக்குப் போடவில்லை. வாத்தியார் பிரம்பை எடுத்தார். அக்கா நெஞ்சில் கைவைத்தாள், தோளைக் குறுக்கினாள். அவர் ஊருக்குப் புதியவர், படமும் பார்க்காதவர். பயந்துபோய்ப் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு விரட்டிவிட்டு நேராகத் துரை பங்களாவுக்கு ஓடினார். பள்ளியை ஒருநாள் மூடினார்கள். பிள்ளைகள் உட்காரும் வாங்கு, மேசையெல்லாம் மருந்து போட்டுக் கழுவினார்கள். டிரஸ்ஸர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு மண்ணும் இல்ல, நடிப்பு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லா ஆட்களும் கோப்பிக் குவளையும் பால் வாளியுமாக நிற்கையில், ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி அப்பாவை முன்னால் கூப்பிட்டார். "ஒம்புள்ள சினிமாக்காரின்னா தோட்டத்தையே ஆட்டி வைப்பாளா? இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்க" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். பகாவில் நிமிர்ந்த நெஞ்சு அது. தோட்டத்திலிருந்து துரத்தினால் வீடு, வேலை, பள்ளி எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அக்காவைக் குளிக்கச் சொன்னார். கூடவே என்னையும் அழைத்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் காட்டு ஓரத்து முனியாண்டியிடம் போனார். வெற்றிலைமேல் சூடம் வைத்துக் கொளுத்தினார்.

"சொல்லு. படத்துக்கு வெளிய இனிமே இருமமாட்டேன்னு சொல்லு."

"இருமமாட்டேம்ப்பா."

"எங்கிட்ட இல்ல, அவருகிட்ட சொல்லு. மூணு தடவ சொல்லி அடி. பொய்யாச்சுன்னா என்னா ஆவும்னு தெரியுமில்ல?"

நமக்குத் தெரியாதா? முனியாண்டியிடம் பொய்ச்சத்தியம் செய்தவன் ரத்தம் கக்கிச் சாவான். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தோட்டத்தில் அது தெரியும். அக்கா மூன்று முறை சொன்னாள். எரியும் சூடத்தின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். கை கரியாகியிருந்தது. திரும்பி வருகிற வழியில் அப்பா அந்தக் கையைத் தன் சட்டையில் துடைத்துவிட்டார். "அப்பா கோவமா இல்லம்மா" என்றார். பிள்ளை பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்த ஒரு மனிதனுக்கு அன்று தெரிந்த ஒரே வழி அது.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் இருக்கும். மழைக்காலம். அக்காவுக்கு இருமல் வந்தது.

எங்கிருந்து தொற்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒட்டிய வரிசை வீடுகளான நம் லயத்தில் சுவருக்குச் சுவர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். நடித்ததால்தான் வந்தது என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அதை நான் நம்பவில்லை. நடித்ததால் வரவில்லை, மறைத்ததால் முற்றியது.

ஆம், மறைத்தாள். சத்தியம் செய்திருந்தாளே! இருமல் வந்தால் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொள்வாள். கண்ணில் நீர் முட்டும், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. அவள் எவ்வளவு பெரிய நடிகை என்று அந்த மாதங்களில்தான் பார்த்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, முழு இருமலையும் ஒரு சின்னக் கனைப்பாக மாற்றி விழுங்கிவிடுவாள். முடியாதபோது மங்கு கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் பால் வெட்டும் கித்தா மரங்களுக்கு நடுவே ஓடுவாள். நான் காவலுக்கு நிற்பேன். இளைத்துப்போனாள். வயசுக்கு வருகிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றாள் மண்டோர் பெண்டாட்டி. அம்மா அதைக் கேட்டு வெந்தயக் களி கிண்டிக் கொடுத்தாள்.

ஒருநாள் மரத்தடியில் துப்பியதை இலையால் மூடினாள். நான் இலையைத் தள்ளிப் பார்த்தேன். சிவப்பு. கிச்சாப் கறுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இது நடிப்பில்லை என்பதும் அந்த வினாடியே தெரிந்துவிட்டது.

"அக்கா, டிரஸ்ஸர்கிட்ட போவலாமா?"

"போயி என்னான்னு சொல்றது? இருமுனேன்னா? சத்தியத்த மீறுனதாலதான்டி இது வருது. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவரு நெஞ்சு வெடிச்சுப் போயிரும். நீயும் சொல்லக்கூடாது."

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: இருமினால் ஆஸ்பத்திரிக்கு வா என்று ஊருக்கெல்லாம் சொன்ன படத்தில் நடித்தவளுக்கே அது தெரியாதா? நானும் அறுபது வருடமாக அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். தெரியும். டிரஸ்ஸர் பேச்சு முழுவதும் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். ஆனால் அது கிருமியால் வரும் இருமலுக்கு. எங்களுடையது முனியாண்டியிடமிருந்து வந்தது, அதற்கு ஊசி கிடையாது. எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆகவே நாங்கள் போகவேண்டிய இடத்துக்குத்தான் போனோம். என் கண்ணாடி வளையல் ஆறையும் கழற்றி முனியாண்டி காலடியில் வைத்தேன். அப்பாவின் மடியிலிருந்து ஒரு சுருட்டைத் திருடிக்கொண்டு போய் வைத்தோம். கொசுவலைப் படத்துக்காகத் தனக்குக் கொடுத்த பூப்போட்ட ரிப்பனை அக்கா வைத்தாள். மன்னிச்சிரு சாமி, மன்னிச்சிரு சாமி என்று தலையில் குட்டிக்கொண்டோம். ஒரு நாள் அவளுக்குக் கொஞ்சம் இருமல் குறைவாக இருந்தது. சாமி கேட்டுவிட்டது என்று நான் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சிவப்பைப் பார்த்த நாளிலிருந்து அவள் விழுந்த நாள்வரை மூன்று வாரம். மூன்று வாரமும் எனக்கு வாய் இருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, என் பிள்ளைகளிடமும். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பள்ளி வாசலில் விழுந்தாள். அப்போதும் அந்த வாத்தியார், "எழுந்திரு, போதும் ஒன் வெளையாட்டு" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ரத்தத்தில் அவள் சட்டையெல்லாம் நனைந்த பிறகுதான் அவர் அலறினார். பால் ஏற்றும் லோரியில் பாயைப் போட்டு அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிரஸ்ஸர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அங்கே கேட்டார்களாம். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள்.

பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா கெஞ்சிக் கேட்டு என்னை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். அக்கா கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். அப்பா வார்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் போர்வையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. முதலில் அப்பாவுக்கு விளங்கவில்லை. இரண்டு கட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு விளங்கிவிட்டது. போய் முழங்கால் போட்டு அந்தப் போர்வையை இழுத்தார். அவள் விடவில்லை.

"இருமும்மா... அப்பா சொல்றேன், இருமு. சத்தியமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான்தான் சொன்னேன், நானே எடுத்துட்டேன். இருமு தாயி."

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

பதினேழாம் நாள் போய்விட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா அதன்பிறகு முப்பது வருடம் இருந்தார், பன்னிரண்டாம் நம்பர் காட்டுப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. திருவிழாவுக்கு வரி மட்டும் கொடுத்துவிடுவார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை.

அப்பா, அம்மா, நான் என எங்கள் மூவரையும் கூப்பிட்டு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அப்போது உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஆனால் ஆறேழு மாதம் கழித்து எனக்கு இருமல் வந்தது. சளிதான் என்று நினைத்தேன், ஆனால் அது நிற்கவில்லை. பாவாடை நுனியை வாயில் எப்படித் திணித்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சத்தியம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் வீட்டில் மறுபடி கேட்டால் அம்மா என்ன ஆவாள்? அக்கா போனதிலிருந்து அம்மா பேசுவதே குறைந்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்துக்கு முன்னால் இருமுவதைவிடச் செத்துப்போகலாம் என்று பதினொன்றைத் தாண்டாத நான் முடிவு செய்திருந்தேன். கித்தா மரத்தடியில் எனக்குக் காவல் நிற்கத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் வேன் மறுபடி வந்தது. படங்களின் பட்டியல் எங்கோ முடிவாகிறது, எந்தப் படம் எந்தத் தோட்டத்துக்கு என்று யாரும் யோசிப்பதில்லை. டிரஸ்ஸர் காசநோய்ப் படத்தின் பெட்டியைப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று மன்றாடினாராம். வேன்காரர் கையை விரித்துவிட்டார். அப்பா வரவில்லை. அம்மா வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தலையை வாரிக்கொண்டு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தாள். "வா, புள்ளையப் பாத்துட்டு வருவோம்" என்றாள். களத்தில் எங்களுக்கு வழிவிட்டார்கள். முன்வரிசையில் யாரோ தங்கள் பாயை விட்டுக்கொடுத்தார்கள்.

அக்கா வந்தாள். எட்டடி உயரத்தில் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஆயா அவள் தலையைத் தடவியபோது அம்மாவின் கை என் கைமேல் இறுகியது. அக்கா நெஞ்சில் கைவைத்துத் தோளைக் குறுக்கினாள். டிரஸ்ஸர் ஒரு வரி சொன்னார், அடுத்த வரியில் நின்றுவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இருமினாள், வாயை அசைத்து என்னவோ சொன்னாள், மறுபடி இருமினாள். களம் முழுக்கப் பிள்ளைகள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. பாவாடை நுனியை எடுக்க முடியவில்லை, ஒரு கை அம்மாவிடம் இருந்தது. மறுகையால் வாயைப் பொத்தினேன். அடங்கவில்லை. அந்த அமைதியில் என் இருமல் கடைசி வரிசைவரை கேட்டது. திரையில் இருமுவது அக்காதான் என்று சிலர் நினைத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையை வாயிலிருந்து எடுத்தாள். நான் பயந்ததுபோல் அழவில்லை, கத்தவில்லை. "எத்தன நாளாடி?" என்று கேட்டாள். நான் விரல் விட்டுக் காட்டினேன். அதன்பிறகு அவள் ஒரு நிமிடமும் உட்காரவில்லை. என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, பாய்களையும் கால்களையும் மிதித்துக்கொண்டு, டிரஸ்ஸரின் மேசைக்குப் போனாள். எங்கள் நிழல் துணியில் விழுந்து அக்காவின்மேல் ஏறியது. படத்தை நிறுத்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். வேன்காரர் நிறுத்தவில்லை.

டிரஸ்ஸர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மைக் திறந்தே இருந்தது, அது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று அவள் கவலைப்பட்டிருக்கமாட்டாள்.

"இருமுது டிரஸ்ஸரய்யா, இதுவும் இருமுது" என்றாள். ஒலிபெருக்கியில் அம்மாவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. வீட்டில் படுத்திருந்த அப்பாவுக்கும் கேட்டது. "நடிக்கல. நான் சொல்றேன், நடிக்கல. இதையாச்சும் பாருங்க."